கூப்பிய கைக்குள் ஓர் இடைவெளி

பங்குனியில் ஒரு நாள். ஸ்ரீரங்கம் தாயார் சந்நிதியில் திரை விலகியதும் கூட்டம் மொத்தமும் கைகூப்பியது. எனக்குப் பக்கத்தில் அம்மாவும் கூப்பினாள். விரல் நுனிகள் தொட்டுக்கொண்டன. மணிக்கட்டை ஒட்டி உள்ளங்கையின் அடியும் தொட்டது. நடுவில் மட்டும் ஓர் எலுமிச்சம்பழத்தை உருட்டிவிடலாம் போல இடைவெளி.

"கையைச் சேர்த்துக் கும்பிடேம்மா" என்றேன்.

"சேர்த்துத்தாண்டா வச்சிருக்கேன். அதுக்கு மேல போகமாட்டேங்குது. வயசாச்சுல்ல" என்றாள்.

அம்மாவுக்கு 67 வயது. வலிக்கிறதா என்று கேட்டேன். வலி இல்லை, வீக்கமும் இல்லை. இரண்டு நாள் கழித்து, தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் போனில் பேசும்போது இதைச் சொன்னேன். கையைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. "அம்மாவுக்குச் சுகர் எத்தனை வருஷமா இருக்கு?" என்றுதான் கேட்டார்.

18 வருடமாக இருக்கிறது. அந்தக் கேள்வியின் பின்னால் போய்த்தான், வைகாசியில் ஒரு நாள் முழுக்கத் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் சுற்றினேன்.

தெப்பக்குளம், காலை 7.30

டாக்டரைப் பார்க்க 10 மணிக்குத்தான் நேரம் கொடுத்திருந்தார்கள். அதற்கு முன் ஓர் இடத்தில் போய் நிற்க வேண்டும் என்று நினைத்தேன். மெயின் கார்டு கேட்டைத் தாண்டி, லூர்து மாதா கோயிலின் உயர்ந்த கோபுரத்தை ஒட்டிய புனித வளனார் கல்லூரி வாசல். எதிரே தெப்பக்குளம், பின்னால் மலைக்கோட்டை. சைக்கிளிலும் பைக்கிலும் மாணவர்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு வந்த கல்லூரி இது. அப்துல் கலாம் இங்கே படித்தார் என்பதைத் திருச்சிக்காரர் எல்லோரும் சொல்வார்கள். அவருக்குப் பத்து ஆண்டுக்கும் முன்பே இதே கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் படித்து 1942இல் வெளியேறிய இன்னொரு மாணவரின் பெயர் அவ்வளவாகக் காதில் விழுவதில்லை. ஜி. என். ராமச்சந்திரன். என் அம்மாவின் கைக்குள் இருக்கும் அந்த இடைவெளியைப் புரிந்துகொள்ள, முதலில் அவரிடம்தான் போக வேண்டியிருந்தது.

நம் உடலிலுள்ள புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொலாஜன் என்ற ஒரே வகை. தசைநார், எலும்பு, ரத்தக்குழாய்ச் சுவர், ஈறு எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்து வைத்திருப்பது அதுதான். தோலின் உள்ளடுக்கில் ஈரத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால் நான்கில் மூன்று பங்கு அதுவே. அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது 1950களின் தொடக்கம் வரை உலகத்துக்குப் புதிர். 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தபோது ராமச்சந்திரனுக்கு ஏறத்தாழ 30 வயதுதான். பக்கத்திலேயே 1948இல் தொடங்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. தோல் என்றால் கொலாஜன்தானே! அவரும் கோபிநாத் கர்தாவும் கங்காருவின் வால் தசைநாரிலிருந்து கிடைத்த கொலாஜன் மீது எக்ஸ் கதிரைச் செலுத்திப் படமெடுத்தார்கள். 1954இலும் 1955இலும் 'நேச்சர்' இதழில் விடையை வெளியிட்டார்கள்: கொலாஜன் என்பது மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்ட கயிறு.

மூன்று புரி. ஒவ்வொரு புரியிலும் ஏறத்தாழ ஆயிரம் அமினோ அமிலங்கள். அதில் மூன்றுக்கு ஒன்று கிளைசீன். எல்லாவற்றிலும் சிறியது கிளைசீன்தான். கயிற்றின் நட்டநடுவில் இடம் அவ்வளவு நெருக்கடியாக இருப்பதால் வேறெதுவும் அங்கே அடங்காது. அவ்வளவு இறுக்கமாக முறுக்கியதால்தான் அதற்கு அந்த வலு. இந்தக் கயிறுகள் பல சேர்ந்து நாராகி, நார்கள் பக்கத்தில் பக்கத்தில் படுத்து, ஒன்றின் மேல் ஒன்று லேசாக வழுக்கிக் கொடுக்கும். விரலை மடக்கும்போது தோல் விட்டுக்கொடுப்பதும், நீட்டும்போது பழைய நிலைக்குத் திரும்புவதும் அந்த வழுக்கலால்.

கல்லூரி வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பூக்காரர் மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார். வாழைநாரைத் தண்ணீரில் நனைத்து வைத்திருந்தார். நனைந்த நார் விரலோடு வளைந்தது. வெயில் பட்டுக் காய்ந்துபோன ஒன்றை அவர் எடுத்துச் சுற்றியபோது பட்டென்று முறிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்தேன்.

தில்லை நகர், காலை 10 மணி

தில்லை நகரில் குறுக்குத் தெருவுக்குக் குறைந்தது நான்கு மருத்துவமனைப் பலகைகள். அதில் ஒன்று சர்க்கரை நோயாளிகளின் பாதத்தை மட்டும் பார்க்கும் சிறிய மருத்துவமனை. ஸ்ரீரங்கத்திலிருந்து 1ஆம் நம்பர் பஸ் பிடித்துச் சத்திரம் வந்து, அங்கிருந்து ஆட்டோவில் அம்மா வந்து சேர்ந்திருந்தாள். வரவேற்பறையில் செருப்பைக் கழற்றிவிட்டு எல்லோரும் பாதம் தெரிய உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்குக் கட்டைவிரல் இல்லை. ஒருவருக்கு முழங்கால் வரை மாவுக்கட்டு. லாரி ஓட்டும் இளைஞர் ஒருவருக்குக் கழுத்தின் பின்புறம் வெல்வெட் துணி போலத் தடித்துக் கறுத்திருந்தது. வண்டியில் உட்கார்ந்த அழுக்கு என்று நினைத்துப் பல மாதம் தேய்த்துக் குளித்தாராம். இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்குத் தோல் முன்கூட்டியே காட்டும் அடையாளம் அது என்று நர்ஸ் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா அம்மாவின் காலைப் பார்ப்பதற்கு முன் கையைத்தான் கேட்டார். "கும்பிடுங்கம்மா" என்றார். அம்மா கும்பிட்டாள். அதே இடைவெளி. "இப்ப மேசை மேல உள்ளங்கையைப் படுக்க வைங்க." கை தட்டையாகப் படியவில்லை, விரல்களுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. விரலின் மேல்தோலைக் கிள்ளித் தூக்கப் பார்த்தார். மெழுகு பூசியது போல இறுகியிருந்த தோல், விரலோடு ஒட்டிக்கொண்டு எழவில்லை. மூட்டு வாதமாக இருக்குமா என்று மூட்டு மூட்டாக அழுத்திப் பார்த்து, இல்லை என்று உறுதி செய்துகொண்டார்.

"இதுக்கு மருத்துவத்துல வணங்கும் கை அடையாளம்னே பேரு. 1974ல அமெரிக்காவுல ரோசன்புளூம், ஃப்ரையாஸ்னு ரெண்டு டாக்டருங்க சர்க்கரை இருக்கற பிள்ளைங்ககிட்ட இதைப் பார்த்து எழுதினாங்க. நம்ம ஊருல தினமும் கோயில்ல கும்பிடறோம். ஆனா கை சேருதான்னு யாரும் பார்க்கறதில்ல" என்றார்.

"வயசானா வராதா டாக்டர்?" என்றாள் அம்மா.

"வரும்மா. சர்க்கரை அதைச் சீக்கிரம் கொண்டுவந்துடும்."

பிறகு அவர் விளக்கியதைத்தான் நான் அன்று முழுக்க மனத்தில் சுமந்தேன். தோசை முறுகும்போது அந்தப் பொன்னிறம் எங்கிருந்து வருகிறது? மாவிலுள்ள சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்து வருகிறது. 1912இல் லூயி கமிய் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலர் விவரித்த வினை அது. அதே வினை, அடுப்பில்லாமல், நம் உடலின் 37 டிகிரிச் சூட்டில், மிக மெதுவாக நடந்துகொண்டே இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை கூடினால் வேகமும் கூடும். 1968இல் டெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர் சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் கண்ட மாறுபட்ட ஹீமோகுளோபின் இப்படிச் சர்க்கரை ஒட்டியதுதான். அதைத்தான் இன்று 'மூணு மாசச் சுகர்' என்று எல்லா லேபிலும் பார்க்கிறோம், ஹெச்பிஏ1சி.

ஏன் மூன்று மாதம்? சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அதற்குப் பிறகு பழையது போய்ப் புதியது வந்துவிடும். ஒட்டிய சர்க்கரையும் அதோடு போய்விடும். தோலின் கொலாஜன் அப்படியல்ல. அதில் பாதி மாறிப் புதிதாவதற்கே ஏறத்தாழ 15 ஆண்டு பிடிக்கிறது. இன்று அதில் ஒட்டுகிற சர்க்கரை, இன்று பிறக்கும் பிள்ளை பத்தாவது முடிக்கும் வயதுவரை அங்கேயே இருக்கக்கூடும்.

ஒட்டுவதோடு நின்றாலும் பரவாயில்லை. ஒட்டிய சர்க்கரை வருடக்கணக்கில் உருமாறி, ஒரு கயிற்றிலுள்ள லைசீனையும் அடுத்த கயிற்றிலுள்ள ஆர்ஜினீனையும் பாலம் போட்டுக் கட்டிவிடுகிறது. இப்படிப்பட்ட முடிச்சுகளில் அதிகமாகக் காணப்படுவதற்குக் குளுக்கோசிபேன் என்று பெயர். முடிச்சு விழுந்த நார்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்காது. தோல் தடிக்கும், விறைக்கும், பழுப்பேறும். 1984இல் மோனியே, கோன், செராமி ஆகியோர் இளம் சர்க்கரை நோயாளிகளின் கொலாஜனைச் சோதித்தபோது, அந்தப் பழுப்பு அவர்களைவிட வெகு மூத்தவர்களுக்கு இருக்கும் அளவில் இருந்தது.

எனக்குச் செம்பட்டு நினைவுக்கு வந்தது. சிறுவயதில் விமான நிலையப் பக்கம் போகும்போது தோல் பதனிடும் கூடங்களின் வாடை பஸ்ஸுக்குள் வரும். ஆட்டுத் தோல் அழுகாமல் இருக்க என்ன செய்கிறார்கள்? தமிழ்நாட்டில் காலங்காலமாக ஆவாரம்பட்டையின் துவர்ப்பை அதில் ஏற்றினார்கள். அந்தத் துவர்ப்பு கொலாஜன் நார்களோடு பிணைந்து அவற்றை மாறாமல் நிறுத்திவிடும். செத்த தோலுக்கு அது நல்லது. உயிருள்ள தோலுக்குள் சர்க்கரையும் நார்களை இப்படித்தான் பிணைக்கிறது. உயிருள்ள தோல் ஒவ்வொரு நாளும் மாற வேண்டும், மடங்க வேண்டும், கிழிந்தால் தைத்துக்கொள்ள வேண்டும். பதனிட்டு நிறுத்தினால் அதனால் இதில் எதையும் செய்ய முடியாது.

"இன்னொரு பக்கமும் இருக்கு" என்றார் டாக்டரம்மா. பழைய கொலாஜன் இறுகும்போதே புதிய கொலாஜன் குறைகிறது. அதை நெய்கிற செல்கள் சோர்ந்துபோகின்றன. கொலாஜனை வெட்டி அப்புறப்படுத்தும் நொதிகளோ புண் இருக்கும் இடத்தில் அளவுக்கு மீறிப் பெருகுகின்றன. நெசவாளி சோர்ந்திருக்க, கத்தரிக்கோல் மட்டும் ஓயாமல் வெட்டிக்கொண்டிருக்கும் தறி அது. சர்க்கரைக்காரரின் விரல் தோல் கெட்டியாக இருப்பதும் அதே ஆளின் காலில் வந்த சின்னப் புண் மாதக்கணக்கில் மூடாமல் இருப்பதும் ஒரே நோயின் இரண்டு முகம். கூடவே நரம்பு மரத்து உணர்ச்சி போகிறது, வியர்வை நின்று தோல் வறள்கிறது, ரத்த ஓட்டம் சுருங்குகிறது. பித்தவெடிப்பில் தொடங்கி விரலை எடுப்பதில் முடியும் பாதை இதுதான்.

பிறகு அம்மாவின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். 10 கிராம் அழுத்தம் கொடுக்கும் நைலான் இழை ஒன்றால் பாதத்தின் அடியில் இடம் இடமாகத் தொட்டார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு தொடும்போதெல்லாம் "ம்" சொல்ல வேண்டும். இடது காலில் நான்கு இடத்துக்கு அம்மா வாயே திறக்கவில்லை. அதிரும் இசைக்கவையைக் கட்டைவிரலில் வைத்தபோதும் அப்படியே. முன்காலில் பழுப்பு நாணயங்கள் போலச் சில தழும்புகள். அதுவும் சர்க்கரை தோலில் விட்டுப்போகும் தடம்தான்; தனியாக வைத்தியம் தேவையில்லை. கை இப்படி இறுகியவர்களுக்குக் கண்ணிலும் சிறுநீரகத்திலும் நுண்ணிய ரத்தக்குழாய்ச் சேதம் இருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், விழித்திரைச் சோதனைக்கும் சிறுநீர்ச் சோதனைக்கும் சீட்டு எழுதினார்.

நான் வைத்தியத்தைப் பற்றிக் கேட்டேன். விழுந்த முடிச்சை அவிழ்க்க மருந்து உண்டா?

முயன்றிருக்கிறார்கள். முடிச்சு விழாமல் தடுக்க அமினோகுவானிடின், விழுந்ததை வெட்ட அலாஜிப்ரியம் என்ற இரண்டு மருந்துகளும் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டன. இரண்டும் கடைக்கு வரவில்லை. குளுக்கோசிபேனைச் சோதனைக்கூடத்தில் செயற்கையாக உருவாக்குவதே 2015இல்தான் யேல் பல்கலைக்கழகத்தில் கைகூடியது. அதை உடைக்கும் நுண்ணுயிர் நொதிகளை இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சர்க்கரை நோயாளிகளின் தோல் துணுக்குகளைக் கிண்ணத்தில் வளர்த்து, வைட்டமின் ஏ வகைச் சேர்மத்தைச் சேர்த்தபோது புதிய கொலாஜன் உற்பத்தி கூடியது, வெட்டும் நொதிகள் தணிந்தன. நம்பிக்கை தரும் வழிதான். ஆனால் முகப்பருவுக்கு விற்கும் அந்த வகைக் களிம்பை நாமே வாங்கி மரத்துப்போன காலில் தடவினால் எரிச்சலும் புண்ணும்தான் மிஞ்சும் என்று டாக்டரம்மா அழுத்திச் சொன்னார்.

"இப்ப டிவில காட்டற கொலாஜன் பவுடர்?" என்று கேட்டாள் அம்மா.

"குடிச்சா வயித்துல செரிச்சுத் துண்டு துண்டாப் போயிடும்மா. ஏற்கெனவே விழுந்த முடிச்சை அது தொடாது. அந்தக் காசுக்கு நல்ல செருப்பு வாங்குங்க."

ஆறாத புண்ணுக்கு இன்று கையில் இருப்பவை என்ன? செத்த சதையை அகற்றுவது, அழுத்தத்தை எடுத்துவிடுவது, ரத்த ஓட்டத்தைச் சரிசெய்வது, கிருமியை அடக்குவது. மாட்டுத் தோல், மீன் போன்றவற்றின் கொலாஜனைக் கொண்டு செய்த உறைகளும் உண்டு. ராமச்சந்திரனுக்கு அண்டை வீடாக இருந்த அதே தோல் ஆராய்ச்சி நிறுவனம் தீப்புண்ணுக்கான கொலாஜன் உறைகளில் நெடுங்காலம் உழைத்திருக்கிறது. 2018இல் ஐரோப்பாவில் வெளியான 'எக்ஸ்ப்ளோரர்' ஆய்வு இன்னொரு வழியைக் காட்டியது. அந்த வெட்டும் நொதிகளைக் கட்டுப்படுத்தும் சுக்ரோஸ் ஆக்டாசல்பேட் பூசிய உறையைப் போட்டவர்களில் 48 சதவீதம் பேருக்கு 20 வாரத்தில் புண் மூடியது. சாதாரண உறை போட்டவர்களில் 30 சதவீதம்.

வரவேற்பறையில் மாவுக்கட்டோடு இருந்தவரை நினைத்துக் கேட்டேன். எலும்பு முறிவு இல்லையாம். பாதத்தின் அடியில் புண். பாதம் முழுவதும் படிகிற மாதிரி மாவுக்கட்டுப் போட்டால் நடக்கும்போது பாரம் ஒரே இடத்தில் விழாமல் பரவும், புண் ஆறும். இது உலகப் பாடப்புத்தகங்களில் ஏறியதில் நம் மண்ணுக்குப் பங்குண்டு. 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல் உதிர்வது சதை கெட்டுப்போவதால் அல்ல, வலி தெரியாமல் திரும்பத் திரும்ப அடிபடுவதால்தான் என்று கண்டார். அங்கே பழகிய மாவுக்கட்டு முறையை 1960களில் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து அது சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கு வந்தது. அம்மாவுக்கு எழுதித் தந்த எம்.சி.ஆர். (நுண்ணறை ரப்பர்) செருப்பும் வேலூர்த் தொழுநோய்ப் பணியோடு சேர்ந்து வளர்ந்ததுதான்.

"இதெல்லாம் புண்ணு வந்தப்புறம்" என்றார் டாக்டரம்மா. "தோலுக்கு ஆரம்ப வைத்தியம்னா ஒண்ணுதான். முடிச்சு விழறதுக்கு முன்னாடி சர்க்கரையைக் குறைக்கறது."

அதற்கு ஆதாரம் தோலிலேயே இருக்கிறது. 1983 முதல் 1993 வரை வட அமெரிக்காவில் 1,441 பேரிடம் நடந்த டிசிசிடி ஆய்வில் ஒரு சாராருக்குச் சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுக்குள் வைத்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான வைத்தியம். பங்கேற்றவர்களில் சிலரின் தோலில் சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தபோது, கண்டிப்பாக இருந்தவர்களின் கொலாஜனில் சர்க்கரை ஒட்டியது குறைவாக இருந்தது. தோலில் அது கூடியிருந்தவர்களுக்கு, கண்ணிலும் சிறுநீரகத்திலும் நரம்பிலும் பாதிப்புக் கூடியிருந்தது. ஆய்வு முடிந்த பின் இரு சாராரின் சர்க்கரை அளவும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டது. ஆனாலும் முதல் சில ஆண்டுகளின் கட்டுப்பாடு தந்த நன்மை வெகுகாலம் நீடித்தது. உடல் அந்த ஆண்டுகளை மறக்கவில்லை. கண்டிப்பில்லாமல் கழிந்த ஆண்டுகளையும் மறக்கவில்லை.

ஸ்ரீரங்கம், மதியம் 12.30

காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் வந்தோம். அம்மாவுக்குக் கோயிலுக்குள் போய்விட்டுத்தான் வீடு. 1987இல் முழுமை பெற்ற 236 அடி ராஜகோபுரத்தின் நிழல் காலடியில் சுருண்டு கிடந்தது. உள் வாசலில் செருப்பை விட்டோம். 156 ஏக்கர், ஏழு திருச்சுற்று. இந்தத் தரையில் வெறுங்காலோடு நடப்பதே பிரார்த்தனையின் பாதி.

மண்டபம் முடிந்து திறந்த வெளிக்கு வந்ததும் கல் சுட்டது. நான் துள்ளிக் குதித்து நார் விரிப்பின் மேல் ஏறினேன். அம்மா விரிப்புக்கு வெளியே, வெறும் கல்லில், நிதானமாக நடந்து வந்தாள்.

"அம்மா, விரிப்பு மேல வா. சுடுது."

"சுடலையேடா" என்றாள்.

காலையில் நைலான் இழைக்கு அவள் சொல்லாமல் விட்ட அந்த நான்கு "ம்" என் காதில் விழுந்தது. கையைப் பிடித்து இழுத்து விரிப்பில் ஏற்றினேன். ஒரு தூணருகே உட்காரவைத்து உள்ளங்காலைப் பார்த்தேன். சிவந்திருந்தது, கொப்புளம் இல்லை. எத்தனை வைகாசி இப்படி நடந்திருப்பாள்? காலையில் நடை, அல்லது வெயில் தாழ்ந்து நடை, நடுப்பகலில் வேண்டாம் என்று அந்தத் தூணடியிலேயே பேசி முடிவு செய்தோம். பெருமாள் காலையிலும் இருப்பார்.

போகும் வழியில் தன்வந்திரி சந்நிதி. இந்தக் கோயிலுக்குள் ஆரோக்கியசாலை இருந்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. ஹொய்சளர் காலத்தில் அமைந்து, இடையில் அழிந்து, 1493இல் கருடவாகன பட்டரால் மீண்டும் உயிர்பெற்றது. வழிபாடும் வைத்தியமும் ஒரே மதிலுக்குள் இருந்த ஊர் இது. சந்நிதிக்கு முன் நின்று அம்மா கைகூப்பினாள். இம்முறை அந்த இடைவெளியைப் பார்த்தபோது எனக்கு வயது நினைவுக்கு வரவில்லை. பதினெட்டு வருடத்தில் 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று நாங்கள் தள்ளிவைத்த பரிசோதனைகள்தான் வரிசையாக நினைவுக்கு வந்தன.

என் கையையும் கூப்பிப் பார்த்தேன். முழுவதும் சேர்ந்தது. எனக்கு 43 வயது. போன மாதம் பார்த்த மூன்று மாதச் சுகர் 6.1. 5.7க்கும் 6.4க்கும் இடையில் இருப்பது சர்க்கரை நோயின் வாசற்படி. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-'இந்தியாப்' (INDIAB) ஆய்வின்படி நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. என்னைப் போல வாசற்படியில் நிற்பவர்கள் 13 கோடியே 60 லட்சம். நம் கொலாஜனில் இன்னும் பெரிய முடிச்சுகள் விழவில்லை. ஆரம்ப வைத்தியம் என்று டாக்டரம்மா சொன்னது முதலில் எங்களுக்குத்தான்: தினமும் நடை, குறைந்த சோறு, குறைந்த எடை, ஆண்டுக்கு ஒருமுறை சோதனை.

சாத்தார வீதி, மாலை 4 மணி

வெயில் இறங்கியதும் அம்மாவுக்குப் பூ வாங்கச் சாத்தார வீதிப் பூச்சந்தைக்குப் போனோம். மல்லி, முல்லை, சம்பங்கி, துளசி எல்லாம் குவியல் குவியலாக. அம்மா வழக்கமாக வாங்கும் கடையில் மூன்று பெண்கள் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்த பெரியம்மாவின் விரல்கள் ஒரு காலத்தில் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஓடியவை. இப்போது இரண்டு பூவுக்கு ஒருமுறை நின்று விரலை உதறிக்கொண்டார்.

"என்னக்கா, கை மெதுவாயிடுச்சு?" என்றாள் அம்மா.

"அம்பது வருஷம் கட்டின கை. விறைக்காம என்ன செய்யும்?"

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு கடைப்பலகையின் ஓரத்தில் உட்கார்ந்து, "இங்க பாருங்கக்கா" என்று தன் கையைக் கூப்பிக் காட்டினாள். காலையில் டாக்டரம்மா சொன்னதைத் தன் வார்த்தையில் சொன்னாள்: சர்க்கரை தோலுக்குள்ள போய் முடிச்சுப் போடுமாம், நாரு வழுக்காம ஒட்டிக்குமாம். பூக்கார அம்மாவுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. காய்ந்த நாரும் நனைந்த நாரும் அவருக்குத் தெரியாததா?

மூன்று பேரும் கையைக் கூப்பிப் பார்த்தார்கள். இளையவர்கள் இருவருக்கும் சேர்ந்தது. பெரியம்மாவுக்குச் சேரவில்லை. எங்கள் அம்மாவுடையதைவிடப் பெரிய இடைவெளி.

"எனக்குச் சுகரெல்லாம் கிடையாதும்மா" என்றார்.

"கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

யோசித்தார். பார்த்ததே இல்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து வீடு தேடி வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். ஆனால் அவர் விடியற்காலை மூன்று மணிக்கே சந்தைக்கு வந்துவிடுவதால் வீட்டில் இருப்பதில்லை. சர்க்கரைப் பாதங்களுக்கென்று அரசின் 'பாதம் பாதுகாப்போம்' திட்டம் இருப்பதும் அவர் காதுக்கு எட்டவில்லை. கை விறைத்தது அம்பது வருட உழைப்பாலும் இருக்கலாம், வாதத்தாலும் இருக்கலாம். சர்க்கரை இருக்கிறதா என்பது ஒரு சொட்டு ரத்தத்தில் தெரிந்துவிடுகிற விஷயம்.

அம்மா தன் பையிலிருந்து டாக்டரம்மா எழுதித்தந்த தாளை எடுத்தாள். தினமும் படுக்கப் போகும்முன் இரண்டு பாதத்தையும் பார்க்கணும்; குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கணும். கழுவித் துடைத்து, ஈரம் காக்கும் களிம்பு தடவணும்; விரலிடுக்கில் தடவக் கூடாது. கால் ஆணியை பிளேடால் சீவக் கூடாது. வெந்நீரில் காலை விடுமுன் முழங்கையால் சூடு பார்க்கணும். வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து எடுத்து, உள்ளங்கைகளை ஒன்றோடொன்று அழுத்தி, ஒரு நாளைக்கு நான்கு முறை விரலை நீட்டணும். கடைசியாகச் சொன்னது விழுந்த முடிச்சை அவிழ்க்காது. இருக்கிற அசைவு இன்னும் குறையாமல் பார்த்துக்கொள்ளும். அம்மா ஒவ்வொன்றாக வாசிக்க, இளையவர்களில் ஒருத்தி அதைத் தன் போனில் படமெடுத்துக்கொண்டாள்.

"செவ்வாய்க்கிழமை சந்தை கொஞ்சம் சுமாரா இருக்கும்" என்றார் பெரியம்மா, நாரைத் தண்ணீரில் முக்கியபடி. "வெறும் வயித்தோட போகணுமாமே. சுகாதார நிலையம் எத்தனை மணிக்குத் திறக்கும்?"

"எட்டு மணிக்கு வாசல்ல நில்லுங்கக்கா" என்றாள் அம்மா. "நானும் வரேன்."